பந்தயக் காரின் குரல்

ஒரு பொருளைக் கண்ணாற் காணாமலே, அதன் ஓசைகொண்டு இன்னதென அறியும் ஆற்றல் மாந்தர்க்கு இயல்பாக அமைந்ததாகும். வாயிலில் வந்து நிற்பவர் யாவர் என்பதனைச் செருப்பின் ஓசையால் உணர்கின்றோம். கிணற்றடியில் குடம் நிறைந்துவிட்டது என்பதனை நீர் விழும் ஓசையின் மாற்றத்தால் அறிகின்றோம். மோட்டார்த் தொழிலிற் பழகியவர், ஓடும் எஞ்சினைச் சற்றே செவிமடுத்து, அதற்குற்ற நோய் இன்னதெனக் கூறுவர். இவ்வாற்றலை முதலாகக் கொண்டு நடைபெறும் விந்தைத் தொழில் ஒன்று இக்காலத்தில் உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஐரோப்பியப் பந்தயச் சாலைகளில் ஓடிய கார்களின் ஓசையையும் ஓட்டத்தையும் கணிப்பொறியில் மீண்டும் படைத்து, வீட்டிலிருந்தபடியே ஒருவர் அவற்றை ஓட்டுமாறு செய்தலே அத்தொழில். இதனை விளையாட்டு என்றே உலகம் வழங்குகின்றது. ஆயினும், இதனுள் அடங்கிக் கிடக்கும் இயற்பியல் விளையாட்டன்று.

கார்ப் பந்தய விளையாட்டுகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. புலவர் பாடும் நெறியைக் கூறுமிடத்துத் தொல்காப்பியனார் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டனைச் சுட்டுவர். சுவை மிகுதற்பொருட்டுப் புனைந்து கூறுவது நாடக வழக்கு; உலகத்தில் நிகழ்வதனோடு ஒத்து வருவது உலகியல் வழக்கு. இப்பாகுபாடு ஈண்டும் நன்கு பொருந்துகின்றது. சுவரில் மோதிய கார் பந்துபோல் எழுந்து மீண்டும் ஓடுவதும், எவ்வளவு விரைவாகச் சென்றாலும் வளைவில் வழுக்காமல் திரும்புவதும் நாடக வழக்கின்பாற்படும் விளையாட்டுகள். அவற்றிற்கும் சுவைஞர் பலர் உளர்; அவற்றை நாம் குறைகூற வேண்டுவதில்லை. நாம் காணப் புகுவது மற்றொரு வகையினை.

1998-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் மாசச்சூசட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பாப்பிரஸ் என்னும் குழுவினர் 'கிராண்டு பிரீ லெஜண்ட்ஸ்' என்னும் விளையாட்டினை ஆக்கினர். டேவ் கேமர் என்பார் அக்குழுவின் தலைமையறிஞர். தம் காலத்துக் கார்களை விடுத்து, 1967-ஆம் ஆண்டின் உலகப் போட்டிக் கார்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவற்றுள் ஹோண்டா, கூப்பர் என்னும் இரண்டு கார்கள் விளையாட்டில் வேறு பெயர்களோடு வந்தன. பெயரிற் புனைவு இருந்ததேனும் ஓட்டத்திற் புனைவு இல்லை. சந்தையில் அவ்விளையாட்டுப் பெருவெற்றி பெறவில்லை. முதன்முதல் அதனை ஓட்டியவர் பலர் தொடக்கக் கோட்டினின்று புறப்படும்போதே காரைச் சுழலவிட்டு, எதிர்த்திசை நோக்கி நின்றனர். எனினும், அதன்மேற் பற்றுக் கொண்ட சிலர் அதனைக் கைவிட்டாரல்லர். புதிய பந்தயச் சாலைகளையும், வேறு ஆண்டுகளின் கார்களையும், திருத்திய எஞ்சின் ஓசைகளையும் தாமே செய்து அதனுடன் சேர்த்து, பல்லாண்டுகள் அதனை வாழவைத்தனர். கேமர் பின்னர் 2004-ஆம் ஆண்டில் ஐரேசிங் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரானார். அந்நிறுவனத்தின் விளையாட்டு 2008-இல் வெளிவந்தது. இத்தாலி நாட்டுக் குனோஸ் குழுவினரின் 'அசெட்டோ கோர்சா' 2014-இல் முழுமை பெற்றது. இம்மூன்றிலும் லோட்டஸ் 49 என்னும் ஒரே கார் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

1967-ஆம் ஆண்டினையே இவர்கள் நாடியது ஏன்? அதற்கு முந்திய ஆண்டில்தான் எஞ்சினின் கொள்ளளவு 3 லிட்டராக உயர்த்தப்பட்டிருந்தது. ஆற்றல் இருமடங்கை நெருங்கியது. காற்றினால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளோ 1968-ஆம் ஆண்டில்தான் வந்தன. ஆகவே, 1967-இன் கார் ஏறக்குறைய 500 கிலோ எடையும் 400 குதிரைத் திறனும் உடையதாய், தரையோடு தன்னைப் பிணிப்பதற்கு நான்கு டயர்களைத் தவிர வேறொன்றும் இல்லாததாய் இருந்தது. வலிமையுள்ள காளைக்கு மெல்லிய மூக்கணாங்கயிறு இட்டாற்போன்ற நிலை அது. ஓட்டுபவன் திறமை முழுதும் வெளிப்படுதற்கும், அவன் உயிருக்கு இடையூறு மிகுதற்கும் அந்நிலை ஒருங்கே காரணமாயிற்று.

லோட்டஸ் 49 காலின் சாப்மன் என்னும் ஆங்கிலேயரின் தலைமையில் உருவானது. அதன் எஞ்சினைக் காஸ்வொர்த் நிறுவனத்தின் கீத் டக்வொர்த் அமைத்தார். அதற்குரிய பொருளை ஃபோர்டு நிறுவனம் வழங்கியது. அவ்வெஞ்சின் காரின் உடலுக்குள் வைக்கப்பட்டதன்று. அதுவே காரின் பின்னுடலாயிற்று. ஓட்டுபவனின் முதுகுக்குப் பின்னுள்ள சுவரில் எஞ்சினை முடுக்கி, பின்சக்கரங்களை எஞ்சினோடும் கியர்ப் பெட்டியோடும் பிணைத்திருந்தனர். 1967-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், ஆலந்து நாட்டு ஜாண்ட்வோர்ட் என்னும் கடற்கரைப் பந்தயச் சாலையில் அக்கார் முதன்முதல் போட்டியிற் புகுந்தது. கிரஹாம் ஹில் எல்லாரினும் விரைந்து சுற்றி முதல் இடத்தினின்று புறப்பட்டார். எஞ்சின் பழுதுற்றமையால் அவர் நின்றுவிட, ஜிம் கிளார்க் வென்றார். முதற்போட்டியிலேயே வென்ற அவ்வெஞ்சினும் அதன்வழி வந்தனவும் 1983-ஆம் ஆண்டு வரையில் 155 உலகப் போட்டிகளில் வாகை சூடின.

இனி, அவ்வெஞ்சினின் குரலை ஆராய்வோம். எழுத்தொலிகள் பிறக்குமாற்றை இலக்கண நூலார் பிறப்பியல் எனத் தனி இயலாக விரித்துள்ளனர். எஞ்சினின் ஒலிக்கும் அத்தகைய பிறப்பியல் ஒன்று உண்டு. எஞ்சினின் உருளை ஒவ்வொன்றிலும் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிந்து வெடிக்கின்றன. சுழல்தண்டு இருமுறை சுழலுங்கால் ஓர் உருளையில் ஒருமுறை வெடிப்பு நிகழும். எட்டு உருளை கொண்ட காஸ்வொர்த் எஞ்சினில், தண்டு ஒருமுறை சுழல நான்கு வெடிப்புகள் நிகழும். அவ்வெஞ்சின் நிமிடத்திற்கு 9,000 முறை, அஃதாவது நொடிக்கு 150 முறை சுழலுங்கால், நொடியொன்றுக்கு 600 வெடிப்புகள் ஆகின்றன. தனித்தனி வெடிப்பாக அவற்றை நம் செவி பிரித்தறியாது. 600 அதிர்வுடைய ஒரு சுருதியாகவே கேட்கும். பன்னிரண்டு உருளை கொண்ட எஞ்சின் நிமிடத்திற்கு 10,000 முறை சுழன்றால், வெடிப்புகள் நொடிக்கு 1,000 ஆகும். அதனாலேதான் பெராரி, ஹோண்டா முதலிய பன்னிரண்டு உருளைக் கார்களின் குரல் உயர்ந்தும் நுணுகியும், காஸ்வொர்த்தின் குரல் சற்றுத் தாழ்ந்தும் கரகரத்தும் கேட்கின்றன.

உருளைகளின் எண்ணிக்கை மட்டுமே குரலை முடிவு செய்வதன்று. அமெரிக்க நாட்டுப் பெருங்கார்களிலும் எட்டு உருளை எஞ்சின்கள் உண்டு. அவற்றின் ஒலி 'குடுகுடு' எனக் குடத்தை உருட்டுவதுபோல் இருக்கும். காஸ்வொர்த்தின் ஒலியோ அறுபடாத அலறலாக இருக்கும். சுழல்தண்டின் வளைவுகள் அமைந்த முறையே இதற்குக் காரணம். அமெரிக்க எஞ்சினில் அவை ஒன்றற்கொன்று செங்கோணத்தில் நிற்கும். ஆகவே ஒரு பக்கத்து நான்கு உருளைகளின் வெடிப்புகள் ஒழுங்கான இடைவெளியின்றி, நெருங்கியும் விலகியும் வரும். காஸ்வொர்த்தில் அவை ஒரே தளத்தில் அமைந்தவை. ஒவ்வொரு பக்கமும் ஒழுங்குடைய நான்கு உருளை எஞ்சினைப் போலவே இயங்கும். தாளம் தவறாத இரண்டு முழவுகளை மாறிமாறி முழக்கினாற் போன்றது அது. அக்காலத்துப் பி.ஆர்.எம். என்னும் கார் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு எட்டு உருளை எஞ்சின்களை ஒன்றாக இணைத்துப் பதினாறு உருளைகளோடு வந்தது. அதன் எடை மிகுதி. அதற்கு நேர்ந்த பழுதும் மிகுதி. உலகப் போட்டியில் ஒரே ஒரு முறைதான் அவ்வெஞ்சின் வென்றது. அதுவும் 1966-இல் லோட்டஸ் காரிற் பொருத்தப்பட்டு, கிளார்க்கின் கையில்.

வெடிப்பு மிடற்றொலியைப் போன்றதாயின், புகை செல்லும் குழாய் வாயினைப் போன்றது. அ, இ, உ என்னும் மூன்றனையும் ஒருவர் ஒரே சுருதியில் இசைத்தாலும் அவை தம்முள் வேறுபட்டே ஒலிக்கும். மிடற்றின் அதிர்வு ஒன்றே; வாயின் வடிவம் மாறுதலால் ஒலி மாறுகின்றது. சுருதியை உயர்த்தியவிடத்தும் அகரம் அகரமாகவே கேட்கும், இகரம் ஆகிவிடாது. எஞ்சினிலும் இவ்வாறே. சுழற்சி மிக மிகச் சுருதி உயரும். ஆனால் குழாயின் நீளமும் அகலமும் மாறாமையால், அக்குழாய்க்குரிய தனி ஒலித்தன்மை மாறாது நிற்கும். இந்நுட்பத்தை அறியாதவர் செய்த விளையாட்டிற் குரல் கெட்டுவிடும்.

அஃது எங்ஙனம் எனின், கூறுவாம். தொடக்ககால விளையாட்டுகளில் எஞ்சின் ஒலியின் ஒரு சிறு துண்டினைப் பதிவு செய்து, அதனையே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தனர். கார் விரைந்து செல்லுங்கால் அத்துண்டினை விரைந்து ஓட்டினர். பழைய கிராமபோன் இசைத்தட்டை விரைந்து சுழற்றினால், பாடகர் குரல் சுருதியில் உயர்வதோடு நில்லாமல், குழந்தை கத்துவதுபோற் கீச்சிடுவதனைக் கேட்டவர் அறிவர். அவர்தம் மிடற்றோடு வாயும் சிறுத்துவிட்டாற்போல் ஆகின்றது. எஞ்சின் ஒலிக்கும் அக்கேடே நேர்ந்தது. சீறும் பந்தயக் கார் கொசுவைப்போல் ரீங்காரம் செய்தது. பின் வந்தவர் இதனை ஒருவாறு திருத்தினர். சுழற்சி 2,000, 3,000, 4,000 எனப் படிப்படியாக உள்ள நிலைகளில் தனித்தனியே பதிவு செய்து, ஒன்று தேயவும் மற்றொன்று வளரவும் அவற்றை இழைத்தனர். அன்றியும், ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கும்போது எழும் ஒலி வேறு. காலை எடுத்தவுடன் எழும் ஒலி வேறு. முன்னது முழக்கம், பின்னது வெடியும் பொருமலும் கலந்த முணுமுணுப்பு. ஆகவே ஒவ்வொரு நிலைக்கும் இருவகைப் பதிவு வேண்டும். காற்றை உள்ளிழுக்கும் குழல்களின் உறுமல், கியர்ப் பற்களின் ஊளை, புகைக்குழாயின் அலறல் ஆகியவற்றைத் தனித்தனி ஒலிவாங்கிகளால் வாங்கிப் பின்னர்க் கூட்டுவாரும் உளர். பதிவுகளை மிக நுண்ணிய துகள்களாக நறுக்கி மீண்டும் கோப்பாரும், பதிவே இன்றி வெடிப்பையும் குழாயையும் கணக்கிட்டு ஒலியைப் பிறப்பிக்க முயல்வாரும் இக்காலத்தே உளர்.

பதிவு செய்தற்குக் கார் வேண்டுமன்றோ? ஈண்டுத்தான் பெரிய இடர்ப்பாடு. அக்காலக் கார்கள் இன்று அருங்காட்சியகங்களிலும் செல்வர்தம் கொட்டகைகளிலும் உள்ளன. அவற்றின் எஞ்சின்கள் சில மணி நேரம் உச்ச விரைவில் ஓடியதும் பிரித்துச் செப்பனிடப்பட வேண்டியவை, செலவோ பெரிது. தம் பொருளைக் காக்கும் உரிமையாளர் அதனை உச்சச் சுழற்சிக்குக் கொண்டுசெல்லத் தயங்குவது இயல்பே. பந்தயத்தில் கிளார்க்கும் ஹில்லும் கேட்ட குரலை இன்று முழுமையாகக் கேட்டல் அரிது. பழைய திரைப்படங்கள் துணைசெய்யும் எனலாம். 1966-ஆம் ஆண்டில் ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கி வெளிவந்த 'கிராண்டு பிரீ' என்னும் திரைப்படம் ஒலிக்காகவே அமெரிக்கத் திரைப்பட அவையின் பரிசுகளைப் பெற்றது. ஆயினும் திரைப்பட ஒலி, வழியருகே நிற்பவன் செவிக்குரியதாகவே பெரும்பாலும் அமையும். காரினுள் இருப்பவன் செவிக்குரிய ஒலியோ வேறு. வருங்கால் உயர்ந்தும் போகுங்கால் தாழ்ந்தும் ஒலிப்பது நிற்பவனுக்கேயன்றி, உடன் செல்பவனுக்கு இல்லை. அவனுக்குத் தலையின் பின்னே எஞ்சினும், முகத்தின்மேற் காற்றும், இடையில் கியரும் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும்.

குரலைப்பற்றி இதுகாறும் கூறினோம். ஓட்டம் இதனினும் ஆழமானது. அதன் உயிர்நிலை டயரில் உள்ளது. வளைவிற் செல்லும் கார், சக்கரம் நோக்கும் திசையிலேயே செல்வதாக நாம் எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. சக்கரம் நோக்கும் திசைக்கும், அது செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் எப்போதும் உண்டு. அக்கோணத்தால் ரப்பர் முறுக்குண்டு, முறுக்கினால் பக்கவிசை பிறக்கின்றது. அவ்விசையே காரைத் திருப்புகின்றது. கோணம் மிக மிக விசையும் மிகும், ஓர் எல்லையில் உச்சத்தை அடையும், அதற்கப்பால் குறையும். இக்காலத்து ரேடியல் டயரில் அவ்வுச்சி சிறு கோணத்திலேயே வந்துவிடும்; மலைமுகட்டைப்போற் கூரியதாக இருக்கும். 1967-இன் டயரிலோ, உள்ளிருக்கும் துணியிழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லுமாறு அமைக்கப்பட்டிருந்தன. அதன் உச்சி பெருங்கோணத்தில், ஏரிக்கரையைப்போல் அகன்றும் சரிந்தும் இருந்தது. ஆகவேதான் அக்காலத்து வல்லோர் நான்கு சக்கரங்களும் ஒருங்கே வழுக்குமாறு காரை வளைவிற் செலுத்தினர். பழைய படங்களில் கார் ஒரு பக்கம் நோக்க, அதன் செலவு வேறு பக்கமாக இருத்தலைக் காணலாம். அது தவறன்று, அக்காலக் கலை.

அக்கலையில் ஸ்டீயரிங்கினும் ஆக்ஸிலேட்டரே பெரிதும் தொழிற்படும். வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரினின்று காலைச் சட்டென எடுத்தால், காரின் எடை முன்சக்கரங்களின்மேற் சாயும், பின்சக்கரங்கள் இலேசாகிப் பிடிப்பிழக்கும், கார் சுழன்றுவிடும். சற்று மிகுதியாக மிதித்தாலோ, பின்சக்கரங்கள் வீணே சுழன்று அப்போதும் வால்புறம் வெளியேறும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள நூலிழையில் காலின் பெருவிரலால் நடத்தல் வேண்டும். காஸ்வொர்த் எஞ்சின் தொடக்க நாளில் 6,500 சுழற்சியை எய்தியதும் திடுமென ஆற்றலைக் கொட்டும் இயல்பினது. வளைவின் நடுவே அது நிகழுமாயின் எவ்வாறிருக்கும் என்பதனை எண்ணிப் பார்த்தல் எளிது. அன்றியும், பந்தயத் தொடக்கத்தில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பெட்ரோலைச் சுமந்திருக்கும் கார், முடிவில் வேறொரு காராகவே நடந்துகொள்ளும்.

விளையாட்டைச் செய்வோர் இவற்றையெல்லாம் சமன்பாடுகளாக எழுதி, கணிப்பொறியை ஓயாது கணக்கிடச் செய்கின்றனர். ஐரேசிங் விளையாட்டில் இக்கணக்கு நொடிக்கு 360 முறை நிகழ்கின்றது. ஒவ்வொரு முறையும் நான்கு டயர்களின் கோணம், சுமை, பிடிப்பு ஆகியன புதிதாக ஆராயப்படுகின்றன. பந்தயச் சாலைகளையும் லேசர்க் கதிரால் அளந்து, மேடுபள்ளங்களை உள்ளவாறே பதிக்கின்றனர். ஓட்டுபவன் பிடிக்கும் ஸ்டீயரிங்கிலோ மின்மோட்டார் ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. வளைவில் முன்டயர் தன்னை நேராக்கிக்கொள்ள முயலும் விசையை அம்மோட்டார் கைக்கு உணர்த்தும். முன்டயரின் பிடிப்பு உச்சியை நெருங்குங்கால் அவ்விசை முன்னதாகவே தளரும். கனத்திருந்த ஸ்டீயரிங் கையில் இலேசானால், இனி முன்சக்கரம் வழுக்கும் என்பது குறிப்பு. மெய்யான காரிலும் இக்குறிப்பு உண்டு.

பின்சக்கரங்களைப்பற்றிய குறிப்பு எவ்வழி வரும்? மெய்யான காரில் அது இருக்கையின் வழியாக உடலுக்கு வரும். வால்புறம் ஒரு விரற்கடை விலகினாலும் ஓட்டுபவனின் இடுப்பும் முதுகும் அதனை உணர்ந்துவிடும். காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பும் உணரும். வீட்டில் நாற்காலியில் அமர்ந்தவனுக்கு அவ்வுணர்ச்சி இல்லை. திரையில் காட்சி சாய்ந்தபின் அவன் கண் உணருமாயின், அதற்குள் காலம் கடந்துவிடும். இக்குறையை நிரப்புவது செவியே. பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து சுழலத் தொடங்கும் அக்கணமே, சுமை நீங்கிய எஞ்சின் தன் சுருதியைச் சற்றே உயர்த்தும். வீணையின் நரம்பு இம்மியளவு விலகினாலும் அறிந்துகொள்ளும் செவி, இதனையும் அறியும். ஒலிக்கு நாம் மறுவினை செய்யும் காலம் காட்சிக்குச் செய்யும் காலத்தினும் குறைவு என்பது உளநூலார் அளந்து கண்டது. ஆகவே, விளையாட்டில் எஞ்சின் ஒலி அணியன்று, அது கருவி. உடலின் பெரும்பகுதி இழந்த உணர்ச்சியைச் செவியொன்றே சுமந்து நிற்கின்றது.

இதனை உணராது ஒலியமைப்போர் கேட்போரை மயக்க எண்ணிப் பிழை செய்வதுண்டு. எல்லா நிலைகளிலும் முழக்கம் ஒரே அளவாகக் கேட்குமாறு ஒலியை இறுக்கிவிட்டால், காதுக்கு எழுச்சியாக இருக்கும். சுமையின் ஏற்றத்தாழ்வு மறைந்துபோம். ஒலி சற்றே பிந்தி வருமாயினும் கேடுதான். மணிக்கு 250 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் கார் நொடியின் பத்தில் ஒரு பங்கில் 7 மீட்டர் தொலைவு கடந்துவிடும். பன்னிரண்டு உருளைக் காருக்கு எட்டு உருளையின் பதிவை விரைவுபடுத்திப் போடுவது நேரிய பொய். கேட்டுப் பழகியோரை அது ஏமாற்றாது.

டயரின் ஓசையிலோ வழக்கு வேறு. விளையாட்டுகளில் வளைவுதோறும் டயர் கிறீச்சிடுகின்றது. மெய்யான பந்தயக் காரில், எஞ்சின் முழக்கத்திற்கிடையே அவ்வோசையை ஓட்டுபவன் அவ்வளவு தெளிவாகக் கேட்பானல்லன். எனினும் இம்மிகைப்பாட்டை நான் குற்றமெனக் கொள்ளேன். நாற்காலி உணர்த்தாததனைச் செவிக்கு உணர்த்துதற்காகவே அது வந்தது. இருக்கும் உண்மையைப் பெரிதாக்கிக் காட்டல் ஒன்று. இல்லாத பிடிப்பை டயருக்குக் கொடுத்து, ஓட்டுபவனை வல்லவன்போல் மகிழ்வித்தல் மற்றொன்று. முன்னது புலவர் உவமை கூறுதல் போன்றது. பின்னதோ பொய்ப் புகழுரை. 1998-ஆம் ஆண்டு விளையாட்டு அப்பொய்யுரையைக் கூற மறுத்தமையாலேதான் பலர் அதனை வெறுத்தனர். சிலர் அதனை விடாது பற்றினர். அது மெய்யான காரினும் அரிதாயிற்று என்பாரும் உண்டு. அக்கூற்றிற் பொருளில்லாமல் இல்லை. டயரையும் எடையையும் உள்ளவாறே கணக்கிட்டு, உணரும் உடலை மட்டும் விலக்கினால், எஞ்சுவது கண்கட்டி நடப்பதனை ஒக்கும் அன்றோ?

இனி, எத்துணை நுட்பமான விளையாட்டும் புகாத இடம் ஒன்று உண்டு. பெல்ஜிய நாட்டு ஸ்பா பந்தயச் சாலை அந்நாளில் 14 கிலோமீட்டர் நீளமுடையது. ஊர்களுக்கிடையே மக்கள் நாள்தோறும் வழங்கிய சாலையே பந்தயத்திற்கும் பயன்பட்டது. மாஸ்டா என்னுமிடத்தில், நீண்ட நேர்வழியின் நடுவே, வீடுகளுக்கிடையில் இடமும் வலமுமாக ஒரு சிறு நெளிவு உண்டு. 1967-இல் அங்கு ஈகிள் காரில் வென்ற அமெரிக்கர் டான் கர்னி உட்பட அனைவரும் அந்நெளிவினைப் பெருவிரைவோடு கடந்தாகவேண்டும். இன்று விளையாட்டில் அவ்வீடுகள் உள்ளன, நெளிவும் உள்ளது. பழகியவர் ஆக்ஸிலேட்டரினின்று காலை எடாமலே அதனைக் கடக்கின்றனர். அக்காலத்து வல்லுநர் சுற்றியதனினும் குறைந்த நேரத்தில் சுற்றிவிட்டதாக மகிழ்வாரும் உளர். அவர்கள் ஆயிரம் முறை தவறி ஆயிரம் முறை மீண்டவர்கள். லொரென்சோ பந்தினி 1967 மே மாதம் மானக்கோவில் ஒருமுறை தவறினார். தீயில் வெந்து மூன்றாம் நாள் மாண்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், செருமானிய நாட்டு ஹாக்கன்ஹைமில் வேறொரு வகைக் காரில் ஓடிய ஜிம் கிளார்க்கும் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதி உயிரிழந்தார்.

1966-இல், மழை பெய்துகொண்டிருந்தபோது ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் மாஸ்டாவில் வழிதவறி மோதிற்று. உடலெல்லாம் பெட்ரோலில் நனைய, ஸ்டீயரிங் காலை நெருக்க, அவர் 25 நிமிட நேரம் காருக்குள் சிக்கிக் கிடந்தார். அங்குக் காவலரும் இல்லை, மருத்துவரும் இல்லை. அவரைப்போலவே வழிதவறி நின்ற கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரண்டும், வேடிக்கை பார்க்க வந்தவர் ஒருவரிடம் ஸ்பானரை இரவல் வாங்கி, ஸ்டீயரிங்கைக் கழற்றி அவரை வெளியே எடுத்தனர். இன்று விளையாட்டில் அவ்விடத்தில் மோதினால் சக்கரங்கள் சிதறும். எஞ்சின் குரல் அடங்கும். விளையாடுபவன் ஒரு விசையை அழுத்த, கார் பழுதின்றி மீண்டும் சாலையில் நிற்கும். ஸ்டூவர்ட்டோ, அதன்பின் பந்தயத்திற்குச் செல்லும்போதெல்லாம் ஒரு ஸ்பானரைத் தம் ஸ்டீயரிங்கில் ஒட்டிவைத்துக்கொண்டு சென்றார்.